பதினெட்டாம் நாள்

மாம்பழக் கூழ் பேக்டரியில் கூடையைத் தூக்கப் போன செல்லியம்மாவுக்கு வலத் தோள் சுரீரென்று இழுத்தது. கூடையை அப்படியே கீழே வைத்தாள்.

"இன்னாக்கா, நாலு சீசனாச்சி, இன்னுமா ஒடம்பு பழகல?" என்று பிரேமலதா சிரித்தாள். "உனுக்கின்னா கொறை? குடிச்சிக்கினு கெடந்த மாமா மாலை போட்டு சாமியாயிட்டாரு. பங்காருபாளையமே பேசிக்கினு கீது."

"ஆமாண்டி. இன்னியோட பதினெட்டு நாளு. திருப்பதி மலைக்கி நடந்து போயி மொட்டை போடறதா வேண்டுதல்."

"குடுத்து வச்சவக்கா நீ."

ஷிப்ட் முடிந்ததும் செல்லியம்மா நேராகச் சாராயக் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் கேட்டாள்.

கடைக்காரர் முறைத்தார். "யாருக்கும்மா? உன் வூட்டுக்காரரு துலுக்காணம் மாலை போட்டுக்கினு கீறாரே?"

"அவருக்குத்தாண்ணா. குடிச்ச காலத்துல வந்து வுழுந்து தூங்கிடுவாரு. ஒரு நாளும் கை நீட்டினதில்ல. இப்ப எல்லாம் சுத்தமா இருக்கணுமாம். குளிக்காம அடுப்பைத் தொட்டேன்னு நேத்து வெறகுக் கட்டையால தோள்லயே போட்டாரு."

கடைக்காரர் பாட்டிலை எடுத்து வைத்தார்.

"பொண்ணு இன்னிக்கித் தூரமாயிட்டாண்ணா. ஒரே ரூம்பு வூடு. அவரு கண்ணுல படாம அவளை எங்க வைப்பேன்?"

இரவு, வீட்டில் சோற்றுத் தட்டின் பக்கத்தில் பாட்டிலை வைத்தாள். துலுக்காணம் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் அடி வாங்கவில்லை. ஏழுமலையானுக்கு ஒரு மொட்டை மட்டும் பாக்கி.