பதில் வராதவன்

“இன்னும் ஒரே ஒரு திருடன்தான் பாக்கி மாஸ்டர்! அவன் மட்டும் சிக்கிட்டா போதும்!”

விக்னேஸ்வரி கையில் போனோடு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பார்த்தால் போலீஸ்காரி என்றுதான் நினைப்பீர்கள். பாவம், பல்கலைக்கழக மாணவி.

முன்பு சில்லறைத் திருட்டில் மாட்டிய பையன்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பாதிப் பேருக்குச் செல்லையா மாஸ்டர் மோட்டார் ரிப்பேர் கற்றுக்கொடுத்தார். மீதிப் பேருக்கு ஒன்றும் கிடையாது. ஒரு வருஷம் கழித்து, மறுபடி திருடினவர் யார் யார் என்று விசாரிப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

எல்லாரும் பதில் சொல்லிவிட்டார்கள், மாஸ்டரிடம் படித்த குணாளனைத் தவிர. லெம்பா பெர்த்தாம் ஊரில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேலையாம். எத்தனை தடவை அடித்தாலும் போனை எடுக்கவில்லை.

“பதில் வராதவன் திருடுனவன் கணக்குன்னு புரொபசர் சொல்லிட்டாரு மாஸ்டர். இவனையும் சேத்துட்டா ரெண்டு பக்கமும் திருடனுங்க சமமாயிடுவாங்க. உங்க வகுப்பால பிரயோஜனம் இல்லன்னு மூடிருவாங்க.”

செல்லையா விருட்டென்று எழுந்தார். “வாயத் தொறக்காதவன் எல்லாம் திருடனா? இது என்னா நியாயம் லா? இன்னொரு தடவ அடிச்சுப் பாரும்மா!”

அடித்தாள். எடுத்துவிட்டான்! பின்னால் மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம்.

“குணாளா, விக்னேஸ்வரி அக்கா பேசுறேன்! மறைக்காம சொல்லு, நீ ஏதாச்சும் திருடு...”

“ஐயோ, இல்லக்கா! அம்மா சத்தியமா நான் எதையும் எடுக்கல லா!” டொக்கென்று வைத்துவிட்டான்.

விக்னேஸ்வரி துள்ளிக் குதித்தாள். ‘குணாளன் திருடவில்லை’ என்று பேராசிரியருக்கு அந்த நிமிஷமே செய்தி பறந்தது. செல்லையா தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கூரைக்கு வீசினார்.

“என் புள்ளம்மா அவன்! தங்கம்! இனி எவன் என் வகுப்ப மூடுறான்னு பாக்குறேன்!”

அவர் ஆடிய ஆட்டம் முடிவதற்குள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவன் சாட்சாத் குணாளனேதான்! மாஸ்டர் அவனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

“என்னைத் தேடுறீங்கன்னு கியா பார்ம் சந்தையில சொன்னாங்க மாஸ்டர். அதான் ஓடி வந்தேன்” என்றான் மூச்சிரைக்க.

“அதான் இப்பப் போன்லயே பேசிட்டியேடா தம்பி!” என்று சிரித்தாள் விக்னேஸ்வரி.

குணாளன் திருதிருவென்று விழித்தான்.

“அந்தப் போன்லயா? அத ஒரு வாரத்துக்கு முன்னாலயே, கோலாலம்பூர் போனப்ப எவனோ திருடிட்டானேக்கா!”