கையை விடும் மாதம்

மேசைக்கு அந்தப் பக்கம் ஜெபமணி டீச்சர். இந்தப் பக்கம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க, சங்கரபாண்டியும் அவன் மனைவி கோமுவும். மகள் வதனி வெளியே ஊஞ்சலில் இருந்தாள்.

வரப்போகும் ஆண்டில் பிள்ளை எப்படி வளரும் என்பதை ஜூன் மாதமே பள்ளிக்கூடத்துக் கணினி சொல்லிவிடும். டீச்சர் திரையைப் பார்த்து வாசித்தார்.

"ஆடியில ஒரு பல்லு விழும். ஐப்பசியில தானாவே எழுத்துக்கூட்டி வாசிச்சிருவா. தை பொறந்ததும், பள்ளிக்கூட வாசல்ல வச்சே உங்க கையை விட்டுட்டு ஓடிருவா. அப்புறம் பிடிக்க மாட்டா."

சங்கரபாண்டி மேசைமேல் சாய்ந்தான். "அதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா டீச்சர்?"

"முடியும். வகுப்புல லேசா பயம் சொல்லிக் குடுப்போம். அடுத்த வருசம் வரைக்கும் பிடிச்சுக்கிடுவா. நெறையப் பேரு கேக்காக. ஒரு கடிதம் மட்டும் எழுதி அனுப்பிருங்க."

"அவ கல்யாணம் வரைக்கும் தள்ளிவைக்கச் சொல்லுங்க," என்று கோமு சிரித்தாள். "ஆளைப் பாருங்க டீச்சர், இப்பவே கண்ணு கலங்குது."

வீடு திரும்பும் வழியில் நாய் ஒன்று குரைத்தது. வதனி வெடவெடத்துப்போய் அவன் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அந்தப் பிடி அவனுக்கு இனிக்கவில்லை.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தான்.

'மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, வணக்கம். வதனிக்குப் பயம் எதுவும் சொல்லித்தர வேண்டாம். தையில் அவள் ஓடட்டும். அன்றைக்கு மட்டும், அவள் வகுப்புக்குள் போய்ச் சேரும்வரை நான் பள்ளி வாசலருகே நின்று பார்த்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்.'

கோமு அதை வாங்கி வாசித்தாள். 'நான்' என்பதை அடித்து 'நாங்கள்' என்று எழுதி, உறையை ஒட்டி, தபாலில் அனுப்பினாள்.