ஓரமாய் வந்த வெளிச்சம்

மலையடிவாரத்தில் ஒரு பழைய கார் இருந்ததாம். ஒருநாள் அதன் வலது முன்விளக்கில் பல்பு ஃபியூஸ் போய்விட்டது.

"கார்க்காரரு வேற பல்பு மாட்டுற மாதிரி நீ கொஞ்சம் மங்கலா எரி அண்ணே," என்றது அணைந்த பல்பு, இடது பல்பிடம்.

"எதுக்கு? நான் ஒருத்தன் போதாதா? நீ தூங்கு ராசா," என்றது இடது பல்பு. அன்றிலிருந்து இன்னும் பளிச்சென்று எரிந்தது. கார்க்காரரும், "பாதைதான் தெரியுதே, அடுத்த வாரம் பாப்போம்," என்று விட்டுவிட்டார்.

ஒரு விடியற்காலையில் மலையெங்கும் பனி. வளைவில் எதிரே வந்த லாரி ஒதுங்கவே இல்லை. காரின் வலது கதவை நசுக்கிவிட்டு நின்றது. அந்தக் கதவை ஒட்டித்தான் கார்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் கையெல்லாம் ரத்தம்.

"நான் எரிஞ்சது தெரியலையா உனக்கு?" என்று கேட்டது இடது பல்பு.

லாரி சொன்னது, "நல்லாத் தெரிஞ்சது தம்பி. ஓரமா ஒரு மோட்டார் சைக்கிள் வருதுன்னு நினைச்சேன்."

கார்க்காரரின் கை ஆறியதும் மெக்கானிக் புது பல்புகளை ஜோடியாக மாட்டினார்.

"இடது பக்கம் எரியுதேப்பா," என்றார் கார்க்காரர்.

"ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசுன்னா வெளிச்சம் சமமா இருக்காது சார்."

 கழற்றிய இடது பல்பைத் துணியில் சுற்றி, டேஷ்போர்டு அறையில், அணைந்த பல்பின் பக்கத்திலேயே வைத்தார்கள்.

மறுநாள் வளைவில் கார் திரும்பியது. எதிரே லாரிச் சத்தம் கேட்டது; மெல்லக் கடந்து போனது.

"ஒதுங்கிச்சா அண்ணே?" என்றது அணைந்த பல்பு.

"தூரத்துலயே ஒதுங்கிடுச்சு," என்றது இடது பல்பு.