எலும்புக்குள் புகலிடம்

"உன் கையால மாத்திரை குடுத்த லட்சணம் இதுதான்டி," என்றாள் ராணியம்மாள், டாக்டர் அறை என்றும் பாராமல்.

மருமகள் மணிமொழி தலை நிமிரவில்லை.

ராணியம்மாளின் மகன் இனியனுக்கு ரத்தப் புற்றுநோய். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட வேண்டும். போன வருஷம் ரத்தம் தேறிவிட்டது என்று கீழ்பென்னாத்தூரில் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். இப்போது நோய் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. இனியன் பக்கத்து அறையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"விடிஞ்சதும் விடியாததுமா வேங்கிக்கால் ஆபீஸுக்குக் கிளம்பிடறா. புருஷன் தின்னானா, மாத்திரை போட்டானான்னு யாரு பாக்கறது?"

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார் டாக்டர் சக்கரவர்த்தி. "ஒழுங்கா போட்டாலும் சில பேருக்கு இது திரும்பி வரும். ரத்தத்துல ஓடற கெட்ட அணுக்களை இந்த மருந்து அடிச்சுடும். ஆனா எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கு, ரத்தம் ஊறற இடம். சிலது அங்க போய் ஒளிஞ்சுக்கும். அங்க மருந்தோட ஜம்பம் அவ்வளவா பலிக்காது."

"ஏன் சார்?" என்றாள் மணிமொழி.

"சுத்தி இருக்கற நல்ல அணுக்களே அதுக்குத் தீனி போட்டுக் காப்பாத்துது. எதை வளக்கறோம்னு அதுங்களுக்குத் தெரியாது."

"இன்னா கொடுமை இது. கூட இருக்கறதே கெடுக்குதா?" ராணியம்மாள் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அதனாலதான் கேக்கறேன், ஒரு நாளாவது மாத்திரை விட்டுப்போச்சா? மருந்து தவறாமலே நோய் திரும்பியிருந்தா, இந்த மருந்து இனி போதாது. மஜ்ஜையையே மாத்தறது வரைக்கும் யோசிக்கணும். அதுல உயிருக்கே ஆபத்து ஜாஸ்தி. நடுவுல தவறியிருந்தா, இதையே ஒழுங்கா குடுத்துப் பாக்கலாம். உண்மையைச் சொல்லுங்க."



"தவறியிருக்கு சார்," என்றாள் மணிமொழி. "மாசாமாசம் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள். மிச்ச மாத்திரையை நேத்துதான் பாத்தேன். கிரிவலக் கூட்டத்துல பஸ் கிடைக்காதுன்னு ஓடுவேன். அந்த அவசரத்துல மறந்துட்டேன் போல."

"படிச்சவங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"தப்புதான் சார்."

இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்தை ராணியம்மாள் எந்நாளும் விட்டவள் அல்ல. இன்று அவள் உதடு மட்டும் அசைந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "இனிமே மாத்திரை உங்க பொறுப்பும்மா. மருமகளை நம்பி விடாதீங்க."

ராணியம்மாள் மணிமொழியைப் பார்த்தாள். மருமகள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் டாக்டர். அவளே குடுக்கட்டும்," என்றாள் ராணியம்மாள். "மருந்தையும் நம்பிக்கிட்டு மலையையும் சுத்தினா வேண்டுதல் பலிக்காதுன்னு, விரத நாள்ல புள்ள கையிலேர்ந்து மாத்திரையை வாங்கி ஒளிச்சு வச்சவ நான்தான்."