பதினான்காம் எண்ணில் ஒரு நாற்காலி

வெள்ளிக்கிழமை மதியம். ஏரிக்கரை விடுமுறை முகாமின் சுற்றுப்பாதையில் வெண்டல் ஓட்டும் வண்டி, டிரெய்லர் வீட்டை இழுத்துக்கொண்டு மூன்றாவது தடவையாக ஊர்ந்து வருகிறது. காலியாக இருப்பது கழிப்பறையை ஒட்டிய இடம் ஒன்றுதான். போன வருடம் அங்கே நான்கு நாள் மூக்கைப் பிடித்துக் கிடந்த அவர் மனைவி டார்லீன், இந்த வருடமும் அதுவேதான் என்றால் டிரெய்லரை விற்றுவிடச் சொல்லியிருக்கிறார். தண்ணீரோரத்துப் பதினான்காம் எண்ணில் ஒருவர் கூடாரத்தைச் சுருட்டிக் கிளம்புகிறார். வண்டி நிற்குமுன்பே டார்லீன் குதித்தோடி, அந்த இடத்தில் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிடுகிறார். இங்கே அது பேருந்தில் துண்டு போட்ட மாதிரி, மறுபேச்சே கிடையாது. அதே இடத்துக்காகப் பின்னால் வந்த சிவப்பு வண்டிக்காரர் தலையை நீட்டுகிறார். "எத்தனை நாளைக்கும்மா?" "வேர் விடுற வரைக்கும்!" முன்பே வந்து இடம் பிடித்துவிட்ட நாங்கள் காபிக் கோப்பைகளோடு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறோம். டிரெய்லரைப் பின்னுக்கு நுழைப்பதுதான் இங்கே இலவச வேடிக்கை. முதல் முயற்சியில் பைன் மரம், அடுத்ததில் சாப்பாட்டு மேசை, மயிரிழையில் தப்புகின்றன. வெண்டலின் கழுத்தெல்லாம் வியர்வை. "முடியலைன்னா கழிப்பறைப் பக்கமே போயிடலாமா?" "வாயைக் கழுவு!" என்கிறார் நாற்காலியில் இருந்தபடியே டார்லீன். பொறுக்கமாட்டாமல் சிவப்பு வண்டிக்காரர் இறங்கி வருகிறார். "மரத்தையும் சேர்த்தா ஊருக்குக் கொண்டு போகப்போறீங்க? என் கையைப் பாருங்க." அவர் கை அசைய அசைய, டிரெய்லர் சமர்த்தாக உள்ளே போய் நிற்கிறது. சாய்வு பார்க்க வைத்த ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வருகிறது. டார்லீன் பெருமூச்சு விட்டு, நாற்காலியை விட்டு முதல்முறையாக எழுந்திருக்கிறார். இடத்தைத் தோற்ற சிவப்பு வண்டிக்காரரோ கழிப்பறைப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார். "சாயங்காலம் மீன் வறுக்கிறேன், இங்க வந்துடுங்க," என்கிறார் டார்லீன். "அங்க உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாது. எனக்குத் தெரியும்."