கஃபன் ஏந்தி வந்தவன்

ஷஹாத்தா வெறுங்காலோடு வந்தான். நீட்டிய இரண்டு கைகளிலும் அவனைப் புதைக்கும்போது சுற்றவேண்டிய கஃபன் துணி மடித்துக் கிடந்தது.

தெருவின் இரு பக்கமும் ஊரே நின்றது. பந்தல் காலில் கட்டியிருந்த செம்மறிக் கிடா மட்டும் விடாமல் அலறியது.

ஹரீதி கத்தியின் பிடியை இறுக்கினான்.

அவன் அப்பா ஹாஜி ரிழ்வானைச் சுட்டவன் ஷஹாத்தா. வாய்க்கால் தண்ணீர் முதலில் யாருக்கு என்ற தகராறு. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிய எழுபத்து நாலு வயதுக் கிழவரின் முகத்தில் இரண்டு குண்டு. குளிப்பாட்டும்போது தாடை கையோடு வந்துவிட்டது. ஹரீதிதான் அதைப் பொருத்திப் பிடித்துத் துணியால் கட்டினான்.

அந்தப் பக்கத்தில் ஒரு கொலைக்கு இரண்டே முடிவுதான். கொன்றவன் தலை விழ வேண்டும். இல்லையென்றால், அவனே தன் கஃபனைச் சுமந்துகொண்டு செத்தவர் வீட்டு வாசலுக்கு வந்து கழுத்தை நீட்ட வேண்டும்.

அப்படி வந்தவனை வெட்டுவதில்லை. 'மன்னித்தேன்' என்று சொல்லிக் கஃபனை வாங்கிக்கொண்டு, அவனுக்குப் பதிலாகக் கிடாவை அறுப்பார்கள். அதோடு பகை முடிந்தது. அதன்பிறகு அந்தக் கொலையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. பெற்ற பிள்ளையிடம்கூட. குர்ஆன் மேல் சத்தியம் வாங்கிவிடுவார்கள்.

சமாதானத்துக்கு ஒத்துக்கொள் என்று அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ஹரீதி உடனே தலையாட்டினான். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று ஊர் மெச்சியது.

ஷஹாத்தா துப்பாக்கியும் துணையும் இல்லாமல் வெளியே வரும் நாள் இது ஒன்றுதான் என்பதை ஹரீதி யாரிடமும் சொல்லவில்லை.

ஷஹாத்தா மண்டியிட்டான். பிடரியை மழித்திருந்தான். காதுக்குக் கீழே நரம்பு துடித்தது. அந்த இடத்தை ஹரீதி கண்ணால் குறித்துக்கொண்டான்.

நடுவர் ஷேக் அப்துல் முஃதி எழுந்து, மகன் மனம் இளகட்டும் என்று, ஹாஜியும் அவர் மனைவி ஹாஜா நபவிய்யாவும் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஐம்பது வருஷம் ஒரே கூரை. அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தை கிடையாது. நோன்பு திறக்க முதல் பேரீச்சம்பழத்தை அவள் கையில் வைத்த பிறகுதான் தன் வாயில் போடுவார். மக்காவில் கூட்டம் நெரித்தபோது தன் மணிக்கட்டையும் அவள் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாராம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மாவு பிசைந்து, வெயிலில் பொங்க வைத்து, ரொட்டியும் அவரே சுடுவார். ஹாஜியை எந்த ஊரில் கட்டிக்கொடுக்கப் போகிறீர்கள் என்று தெருவே கேலி பேசும். ஐந்து வேளையும் அவர் முன்னால் நிற்பார், அவள் பின்னால் நிற்பாள். ஒரு வேளை தவறியதில்லை.

ஹரீதிக்கு எதுவும் இளகவில்லை. ஷேக் சொல்லச் சொல்ல, கொல்வதற்குக் காரணம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அந்த மனிதரின் முகத்தில் அல்லவா சுட்டான்.

பின்னால் நின்ற சித்தப்பா மகன் பத்ரி காதருகில் குனிந்தான். "என்ன ஹரீதி, கத்தி கனமா இருக்கா? நான் வேணா பிடிச்சுக்கவா?"

அவ்வளவுதான். ஹரீதி பாய்ந்தான்.

ஷஹாத்தாவின் முடியைப் பிடித்து மல்லாக்க இழுத்து, நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கத்தி முனை காதுக்குக் கீழே இறங்கியது. தோல் விரிந்து ரத்தம் கஃபனில் கொட்டியது. ஷஹாத்தா கத்தவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

இன்னும் ஒரு விரல் ஆழம் போதும்.

ஆண்கள் கூட்டம் திடீரென்று விலகியது. பெண்கள் வரக்கூடாத பந்தலுக்குள் ஹாஜா நபவிய்யா வந்துகொண்டிருந்தாள்.

"சத்தியம் இருக்கு, ஹாஜா" என்றார் ஷேக்.

அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவும் இப்படித்தான் வந்தாரு. வெறுங்காலோட, கையில கஃபனோட, எங்கப்பா வாசலுக்கு. அவரு சுட்டது எங்க அண்ணனை."

கத்தி அப்படியே நின்றது.

"எங்கப்பா மன்னிச்சாரு. தம்பிங்க மன்னிக்கல. அக்கா புருஷன்னு ஆயிட்டா சுட மாட்டாங்கன்னு என்னை அவருக்கே குடுத்துட்டாங்க. பின்னால நின்னு தொழுதேன்தான். ஒம்போது வருஷம், நெத்தி தரையில படுறப்பல்லாம், ரப்பே, இந்த ஆளை இன்னைக்கே கொண்டுபோன்னு கேட்டுத்தான் தொழுதேன். எப்ப நிறுத்தினேன்னு எனக்கே தெரியல."

ஷஹாத்தாவின் ரத்தம் ஹரீதியின் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு வந்தது.

"பத்தாவது வருஷம் நீ பொறந்த. உனக்குப் பேரு வச்சது அவருதான். வேணாம்னு அழுதேன். தெனமும் அந்தப் பேரைத் தன் வாயால கூப்பிடணும்னாரு."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"எங்க அண்ணன் பேரு."

பந்தலில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஹரீதி முழங்காலை எடுத்தான். ரத்தம் தோய்ந்த கஃபனைப் பொறுக்கிக் கையில் வாங்கிக்கொண்டான்.

மன்னிக்கிறவன் தன் பேரைச் சொல்லித்தான் மன்னிக்க வேண்டும். அதுதான் முறை.

'மன்னித்தேன்' என்பது சுலபமாக வந்துவிட்டது. பேரைச் சொல்லத்தான் நா எழவில்லை.