பச்சை வளையம்

“இந்த வயசில உங்களுக்கு இது தேவையோ அண்ணை?”

காரின் முன்பக்கம் குனிந்திருந்த மெக்கானிக் சசிகரன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

சின்னராசா சிரித்து மழுப்பினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் பழைய வெள்ளைக் கார். அங்கங்கே பெயின்ற் உரிந்திருந்தது. ஹெட்லைற் மட்டும் கடையில் வாங்கிப் பூட்டிய புதுச் சோடி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வளையம். எஞ்சினை முடுக்கினால் பட்டப்பகலிலும் பச்சையாக எரியும். இப்போது எரியவில்லை.

“வளையத்தில பிழையில்லை. அதுக்குக் கரண்ட் குடுக்கிற சின்னப் பெட்டிதான் செத்துப்போச்சு. உப்புக்காத்து பூந்து உள்ளுக்கு எல்லாம் துரு.”

“மாத்தலாம்தானே?”

“என்னட்ட இல்லை. கொழும்பிலயிருந்து வரவேணும். வயரைக் கழட்டி விடுறன், பேசாம ஓடுங்கோ. பெரிய லைற் ரெண்டும் நல்லா எரியுது. ரோட்டுத் தெரியுது. வேற என்ன வேணும்?”

“இல்லைத் தம்பி, வளையம் எரியத்தான் வேணும். திங்கட்கிழமைக்கு முதல்.”

“திங்கட்கிழமை என்ன விசேசம்?”

தன் வானுக்கு பல்ப் மாற்ற வந்து காத்திருந்த கிண்ணியா ஊர்க்காரன் ஸப்வானால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“அண்ணனுக்கு ரெண்டாம் கலியாணம் போல. எனக்கே என்ட வாப்பா இதப் பூட்ட விடல்ல. ‘இது வானா, ஐஸ்கிறீம் வண்டியா’ண்டு கேட்டாரு.”

சசிகரன் விழுந்து விழுந்து சிரித்தான். சின்னராசாவும் சிரித்தார். சிரிக்கிறவர்களோடு தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் அவமானம் பாதியாகிவிடும் என்று சிலர் பழகி வைத்திருப்பார்கள். ஆனால் அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“அண்ணை, ஒண்டு சொல்றன், கோவிக்கக் கூடாது. பெடியள் செய்தா விளங்குது. தலை நரைச்ச ஆள் பச்சை லைற் போட்டுக்கொண்டு திரிஞ்சா சனம் என்ன கதைக்கும்? பொலிஸ் பிடிச்சா அது வேற.”

“கதைக்கட்டும்.”

“டீச்சர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

சின்னராசா வீதியின் அந்தப் பக்கம் பார்த்தார். எதிரே மருந்துக்கடையில் அவருடைய மனைவி கமலாதேவி முதுகு தெரிய நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. அடுத்த வருடம் ஓய்வு.

சின்னராசா குரலைத் தாழ்த்தினார்.

“அவவுக்காகத்தான் தம்பி.”

சசிகரன் நிமிர்ந்தான்.

“சீனி வருத்தம் கண்ணில பிடிச்சிட்டுது. கிட்ட வாசிப்பா, எழுதுவா, படிப்பிப்பா. தூரப் பார்வைதான் போகுது. இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது வராது எண்டு டொக்டர் சொல்லிட்டார்.”

“அதுக்கும் இந்த லைற்றுக்கும்...”

“போன தவணை ஒருநாள், நான் கூட்டிக்கொண்டு போகப் போறதுக்குள்ள பள்ளிக்கூட வாசல்ல வேற ஒரு வெள்ளைக் கார் வந்து நிண்டிருக்கு. இவ ஏறி இருந்துகொண்டு, ‘பாரை மீன் வாங்கச் சொன்னனே, வாங்கினியளோ?’ எண்டு கேட்டிருக்கிறா. பாத்தா, ஸ்ரியரிங்கில இருக்கிறது கல்விக் கந்தோர் அதிகாரி.”

ஸப்வானுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் விழுங்கிக்கொண்டான்.

“பிள்ளையள் கண்டு சிரிச்சிட்டுதுகள். பேந்து பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு வீட்டில இருந்திட்டா. வேலையை விடப்போறன் எண்டு ஒரே அழுகை. அதுக்குப் பிறகுதான் இதை வாங்கிப் பூட்டினன். பச்சை எண்டா தூரத்திலயும் அவவுக்குத் தெரியும்.”

“டீச்சருக்குச் சொல்லிட்டுப் பூட்டியிருக்கலாமே?”

“உமக்காகத்தான் எண்டு சொன்னா, அதுக்கும் அழுவா. எனக்கு ஆசையாக் கிடக்கு எண்டு சொல்லிப் பூட்டினன்.” மறுபடி மருந்துக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டார். “திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குது. இன்னொருக்கா கார் மாறி ஏறினாவெண்டால், பிறகு அவ பள்ளிக்கூடப் பக்கமே போகமாட்டா தம்பி.”

சசிகரன் கையில் இருந்த ஸ்குறூட்றைவரைத் துடைத்தான். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

ஸப்வான் போனை எடுத்தான். “கொழும்பில, பஞ்சிகாவத்தையில என்ட மச்சான்ட கட இருக்கு. இந்தச் சாமான்தான் விக்கிறான். இண்டைக்கு ராவு பஸ்ஸில போடச் சொல்றன். விடிய நானே கொண்டந்து தாறன் அண்ணன்.”

“நாளைக்கு ஞாயிறு. எண்டாலும் கடையைத் திறந்து பூட்டித் தாறன்,” என்றான் சசிகரன்.

எதிரே கமலாதேவி மருந்துப் பையுடன் வீதியோரம் வந்து நின்றார். சின்னராசா குடையை விரித்துக்கொண்டு ஓடினார். வெயிலுக்குக் குடை பிடிப்பது போல அவரை அணைத்துப் பிடித்து, வீதியைக் கடந்து கூட்டிவந்தார்.

வந்ததும் வராததுமாகக் கமலாதேவி வெடித்தார்.

“இன்னும் உந்தக் கோதாரி லைற்றோடயோ நிக்கிறியள்? தம்பி, கழட்டிக் கடல்ல எறியுங்கோ. பள்ளிக்கூடத்தில இவருக்கு என்ன பேர் தெரியுமோ? டிஸ்கோ மாமா!”

“ஆசைப்பட்டுப் பூட்டினது. இருந்திட்டுப் போகட்டுமே,” என்று நெளிந்தார் சின்னராசா.

“ஆசையாம்! அறுபது வயசில ஆசை!”

ஸப்வான் அவசரமாகத் தன் வானின் ரயரைப் பார்க்கப் போய்விட்டான்.

“அண்ணை, காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து விடுங்கோ,” என்றான் சசிகரன்.

சின்னராசா ஏறி எஞ்சினை முடுக்கினார். அந்தச் சத்தம் எழும்பும் வரை காத்திருந்த கமலாதேவி, சசிகரனுக்குக் கிட்ட வந்தார். குரலில் இப்போது சண்டை இல்லை.

“தம்பி, அந்த வளையத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சமா எரியப்பண்ண ஏலுமோ? இப்ப கொஞ்ச நாளாப் பச்சையும் எனக்கு மங்கலாத்தான் தெரியுது.”

சசிகரன் பின்னுக்குப் போகும் காரைப் பார்த்தபடி தலையாட்டினான்.

“நான் கேட்டதெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார், பாவம்.”